படகு நனையக் கூடாது

மனிதனை விலங்கிலிருந்து பிரித்துக் காட்டுவது அறிவு அல்ல, மாஸ்கிங் டேப். இந்தப் பேருண்மையை எங்கள் தேயிலைத் தோட்டத்து மானேஜரான பெரிய துரை தரணிதரன் அவர்கள் கண்டறிந்த வேளையில், ஆபீஸ் கிளாக்கரான நான் பக்கத்திலேயே நின்றேன். என்ன புண்ணியமோ!

எங்கள் தேயிலைச் சரிவுக்குக் கீழே ஒரு நீர்த்தேக்கம். அதில் பயணிகளை ஏற்றிச் சுற்றுவதற்காகக் கம்பனி ஒரு பழைய படகு வாங்கியிருந்தது. சனிக்கிழமை கொழும்பிலிருந்து சேர்மன் வந்து 'சுற்றுலாப் புரட்சி'யைத் தொடக்கிவைப்பார். அதற்குள் படகு சிவப்பாகிவிட வேண்டும்.

ஹட்டனில் வாகனங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் அழகுமுத்து வந்தார். படகைச் சோப்புப் போட்டுக் கழுவினார். உப்புத்தாளால் தேய்த்தார். கீறல்களில் பட்டி வைத்து, தின்னரால் துடைத்தார். பிறகு கண்ணாடி, கைப்பிடிக் கம்பி, மோட்டார் எல்லாவற்றையும் பழைய பத்திரிகையால் மூடி, ஓரம் பிசகாமல் மாஸ்கிங் டேப் ஒட்டினார். தோட்ட மக்களுக்கு வீடு கட்டித் தருவதாக அந்தப் பத்திரிகைகளில் வந்த வாக்குறுதிகள் அன்றுதான் முதன்முதலாக ஒரு வேலைக்கு உதவின.

"மறைக்கிறதுதாங்க முக்காவாசி வேலை" என்றார் அழகுமுத்து.

"நிர்வாகமும் அப்படித்தான்பா" என்றார் துரை, மனம் நெகிழ்ந்து.

ஒரே ஒரு சிக்கல். "ஈரம் பட்டா பெயிண்ட் வெள்ளையா பூத்துருங்க. மேலயும் சுத்தியும் ஏதாச்சும் கட்டணும்."

துரை யோசிக்கவேயில்லை. போன வாரம் அடித்த காற்றில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் மேல் லயத்தின் கூரைத் தகரங்கள் பறந்துபோயிருந்தன. அந்த வீடுகளுக்கென்று அரசாங்கம் அனுப்பிய நீலத் தார்ப்பாய்கள், 'முறைப்படி' வழங்கப்படுவதற்காக ஸ்டோரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. அத்தனையும் படகுக்குக் கூடாரமாயின.

மேல் லயத்தில் இருக்கும் ஜெயந்தினி கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"தொரைங்க, அது எங்க வீட்டுக்கு வந்ததுங்க. புள்ள நனையுதுங்க."

"புள்ளையத் தொடைச்சா காஞ்சிரும்மா" என்றார் துரை, மிகுந்த பொறுமையோடு. "பெயிண்டைத் தொடைக்க முடியுமா?"

இவ்வளவு தெளிவான விளக்கத்துக்குப் பிறகும் அவளுக்குப் புரியவில்லை. கல்விக் குறைபாடு!

வெள்ளிக்கிழமை பின்னேரம் அழகுமுத்து கடைசிப் பூச்சை அடித்து முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. ஜெயந்தினியும் லயத்துப் பெண்களும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளோடு இறங்கி வந்தார்கள். கூடாரத்தின் கயிறுகளை வெட்டத் தொடங்கினார்கள்.

"பிடி! பிடி!" என்று அலறினார் துரை.

அழகுமுத்து பிடித்தார். ஜெயந்தினி ஏறிய ஏணியை.

தார்ப்பாய் திருட்டுப் போய்விட்டதென்று துரை நேரே பொலிசுக்குப் போனார். மறுநாள் விடிந்தபோது படகு தேமல் விழுந்த முகம்போல் இருந்தது. சேர்மன் டீவிக்காரர்களோடு வந்தார். படகைப் பார்த்தார். பார்க்கச் சகிக்காமல் மலையைப் பார்த்தார். லயத்துக் கூரைகளெல்லாம் ஒரே நீலம்.

"அது என்ன?"

துரை தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நான் முன்ன நின்னு குடுத்த தார்ப்பாய், சேர்."

சேர்மன் கண் கலங்கினார். படகுக்கென்று கொண்டுவந்த மாலை துரையின் கழுத்தில் விழுந்தது. ராத்திரிச் செய்தியில் நாடே அதைப் பார்த்தது.

திங்கட்கிழமை பொலிசில் ஜெயந்தினியைக் கூப்பிட்டார்கள். துரையோடு நானும் போயிருந்தேன்.

"தார்ப்பாய் எங்க?" என்று சார்ஜன் கேட்டார்.

"கூரையிலதாங்க."

சார்ஜன் துரையைப் பார்த்தார். "நீங்கதான் குடுத்ததா டீவில சொன்னீங்களே, சேர்?"

மடியில் பிள்ளை இருமியது. ஜெயந்தினி நிமிர்ந்தாள். "அப்ப நான் திருடலைங்களே?"

துரை கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அமைதியாகச் சொன்னார்: "குடுத்தது நான்தான். திருடினது இவதான். ரெண்டும் உண்மை."

சார்ஜன் புத்தகத்தை விரித்தார். பிறகு பேனாவைத் திறந்து, இரண்டாவதை மட்டும் எழுதிக்கொண்டார்.