நடந்து காட்டிய நடை

ஒரு கவிஞனை வீழ்த்த விமர்சகன் வேண்டாம். விண்ணப்பப் படிவம் போதும்.

எட்டு வருஷத்துக்கு முன்பு என் முதல் வசனகவிதைத் தொகுப்பைப் போட ஆளில்லாமல் அலைந்துகொண்டிருந்தேன். திருச்சியில் உள்ள வட்டாரக் கலை மன்றம் ஆட்டக்காரர்களுக்கு உடை கொடுக்கிறது, மேளக்காரர்களுக்கு மேளம் கொடுக்கிறது, எழுதுகிறவர்களுக்குப் புத்தகமும் போட்டுத் தருகிறது என்றார்கள். படிவம் வாங்கினேன். 'கலை வகை' என்ற கட்டம் தீப்பெட்டி அகலம். 'வசன நடை' என்பதைச் சுருக்கி 'நடை' என்று மட்டும் எழுதினேன். ஒற்றைச் சொல்லில் ஓர் அழகு இருக்கிறதாம். (அப்போது எனக்கு வயது நாற்பது. சின்னப் பிள்ளைத்தனம் என்றும் தப்பிக்க முடியாது.)

நேர்காணலுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து என் மனைவி மாலதியும் கூட வந்தாள். அதை நான் தடுத்திருக்க வேண்டும்.

மன்றத்துக் கூடத்தில் சமயபுரத்துப் பவானி, பொய்க்கால் குதிரை ஆடுகிறவர், காலில் கட்டை கட்டி நின்றார். பக்கத்தில் தவிலோடு அவர் கணவர். அதிகாரி என் படிவத்தைப் பார்த்தார்.

"நடையா? கட்டு உண்டுங்களா?"

யாப்பைக் கேட்கிறார் என்று சிலிர்த்துப்போனேன். "கட்டெல்லாம் எப்பவோ அவுத்தாச்சு சார்."

"அட. விழுந்துட மாட்டீங்க?"

"விழுந்து எழுந்து வந்த நடைதான் சார் இது."

பவானி என்னை மரியாதையோடு பார்த்தார்.

"தாளத்துக்கு ஆளு?"

"அது உள்ளுக்குள்ளயே ஓடும் சார்."

"ரொம்ப நல்லது. பையைக் கீழ வச்சிட்டு நடந்து காட்டுங்க."

பைக்குள் இருந்தது என் கையெழுத்துப் பிரதி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்கியிருக்கலாம். ஆனால் அதிகாரியைத் திருத்தினால் கோபிப்பார், புத்தகம் போய்விடும் என்று பயம். முதலில் நடப்போம், பிறகு பணிவாகச் சொல்வோம். நடந்தேன். காவிரிப் பாலத்தில் கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. பவானியின் கணவர் இரக்கப்பட்டுத் தவிலில் நாலு தட்டுத் தட்டினார். என் கால் துள்ளியது. (ஆமாம், துள்ளியது. மறைத்து என்ன ஆகப்போகிறது?)

"இடுப்பை விறைக்காதீங்க சார். லேசா விடுங்க," என்றார் பவானி.

நான் திரும்பி வருவதற்குள் அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"சார், என் புத்தகம்..."

"புத்தகத்துக்குத் தனிப் படிவங்க. நேத்தோட முடிஞ்சிருச்சு."

மாலதி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். தோள் குலுங்கியது. எனக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

பவானிக்குப் புதுக் குதிரை கிடைத்தது. எனக்கு ஓர் அடையாள அட்டை வந்தது: 'கலை வகை: நடை (கட்டையின்றி)'. தொகுப்பு இன்னும் பரணில் கிடக்கிறது. விழாவுக்கு விழா மன்றம் மட்டும் மறக்காமல் கூப்பிடுகிறது, ஊர்வலத்தின் முன்னால் நடக்க.

போன வாரம் காந்தி மார்க்கெட்டில் பத்துக் கிலோ வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்குக் கை காட்டினேன். மாலதி என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"ஆட்டோ எதுக்குங்க? மன்றமே அங்கீகாரம் குடுத்த நடை."