உலக்கையும் ஊசியுமாய் ஒரு கல்யாணப் பத்திரிகை

சித்தூர்,
சித்திரை 24, 1929

மூணாறு மலைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி, மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் சென்னிமலை அவர்களுக்கு, ஓய்வுபெற்ற உபாத்தியாயர் பெரியமுத்து ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உங்கள் அக்காள் சந்தனம், மகள் சாந்தம்மாள், கறவை மாடு உட்பட எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமான க்ஷேம வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். கடிதத்தின் சாரமே இதுதான்.

போன வாரம் தபாலில் உங்களுக்கு வந்தது சாவுச் சேதி அல்ல. சாந்தம்மாளின் கல்யாணப் பத்திரிகை. வைகாசியில் முகூர்த்தம், மாப்பிள்ளைக்குப் பக்கத்து ஊரான நல்லேப்பிள்ளி. தாய்மாமன் மாலை போடாமல் நம் வீட்டுப் பெண் எவளும் மணவறை ஏறியதில்லை. நீங்கள் அதைக் கிழித்துப் போட்டுத் தலைமுழுகிவிட்டு, ‘இனிப் போய் யாரைப் பார்க்க’ என்று மலையிலேயே உட்கார்ந்துவிட்டால் கல்யாணம் நின்றுபோகும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இங்கே கடைவீதியில் அச்சகம் வைத்திருக்கும் சுவக்கீன், சென்னையிலிருந்து புது அச்செழுத்து வரவழைத்திருந்தார். உலக்கைக்குப் பக்கத்தில் ஊசியை வைத்துப் பாருங்கள். அந்த எழுத்தில் இறங்கும் கோடு உலக்கை, வளையும் கோடு ஊசி. ஆடி மாதம் கணவாய்க் காற்றில் நம் பனைமரங்கள் ஒரே பக்கமாகச் சாயுமே, அப்படி வரி முழுவதும் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். நாடக நோட்டீசில் ராஜபார்ட்டின் பெயரையோ, வாசனைச் சோப்புப் பெட்டியின் மூடியையோ அதில் பெரிதாக ஒரு வரி அடித்தால் ஓடுகிறவனும் நின்று பார்ப்பான். பாயசத்தில் ஏலக்காய் அளவு போதும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் சுவக்கீன் தெற்கத்திக்காரர், பேச்சில் கெட்டி. “என்ன வாத்தியாரய்யா, மவ கல்யாணத்துக்கு ஒரு வரியோடயா நிறுத்துவீக? முழுசையும் சாச்சு அடிச்சிருவோம். வாசிக்கிறவன் தலையும் சேந்து சாயணும்!” என்றார். என் தலைதான் முதலில் சாய்ந்தது.

காகிதமோ முரடு. மை குறைந்தால் ஊசி காணாமற்போகிறது, கூட்டினால் உலக்கை வீங்குகிறது. சுவக்கீன் கூட்டினார். பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் கரிக்கட்டைகளை அடுக்கியதுபோல் விழுந்தன. அடியில் பெரிதாகப் போட்ட என் பெயர் ஒன்றுதான் வாசிக்கும்படி வந்தது. அதோடு போயிருந்தாலும் தப்பித்திருப்போம். சந்தனம் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள், நான் தடுத்தேன்.

“ஏனுங்க, மூலைல மஞ்சத் தொடாம ஆராவது கல்யாணக் கடுதாசி அனுப்புவாங்களா?”

“மஞ்சள் பட்டால் மயிரிழைக் கோடெல்லாம் மறைஞ்சுபோகும்.”

“இருக்கற கோட்டையே காணம், மறையறதுக்கு என்னுங்க இருக்குது?”

கேட்டேனா? கேட்கவில்லை. மஞ்சள் இல்லாமலே எல்லாப் பத்திரிகைகளும் புறப்பட்டன.

மறுநாள் நம் சம்பந்தி அழகுமலை ஈர வேட்டியோடு வந்து வாசலில் நின்றார். பத்திரிகையைப் பார்த்தாராம், முழுக்கக் கறுப்பு, பொட்டு மஞ்சள் இல்லை, என் பெயர் மட்டும் தெரிகிறது. நான்தான் போய்விட்டேன் என்று முடிவுகட்டி, வழக்கப்படி வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வெளியிலேயே கிழித்துப் போட்டு, கிணற்றடியில் தலைமுழுகி, துக்கம் கேட்க ஓடிவந்திருக்கிறார். கதவைத் திறந்தவன் நான். “எம் பையன் கல்யாணக் கடுதாசிய எங் கையாலயே கிழிக்க வெச்சுப்போட்டீங்களே சம்பந்தி!” என்று அவர் போட்ட சத்தத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. நிமிர்ந்த எழுத்தில், மஞ்சளோடு வேறு பத்திரிகை வந்தால்தான் பேச்சு என்று சொல்லிப் போயிருக்கிறார். உங்களுக்குத் தந்தி கொடுக்கலாமென்றால், தந்தி என்றாலே நம் ஜனங்கள் படிக்காமலே அழ ஆரம்பிப்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

இத்துடன் நிமிர்ந்த எழுத்தில் அடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தொட்ட பத்திரிகை வைத்திருக்கிறேன். பழையதை மறந்து, இதைத் தோட்டத்துத் துரையிடம் காட்டி லீவு வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டு வரவேண்டும். மலைக்குளிரில் உங்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு குறையும் வராமல் பழனியாண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
சாய்ந்த எழுத்தைக் கைகழுவிய,
உயிருள்ள,
பெரியமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுக்க எழுந்தேன், தெருவில் வண்டி வந்து நின்றது. உங்கள் மனைவி இறங்கும்போதே “ஐயோ அண்ணா!” என்று மாரில் அடித்துக்கொண்டார். நீங்கள் என்னைப் பார்த்து, “ஏனுங் மாமா, நீங்க சாவலீங்களா?” என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. இல்லை என்றதும் உங்கள் முகம் வாடியது எனக்கு வருத்தமாக இருந்தது. காரணத்தைச் சொன்ன பிறகுதான் விளங்கிற்று. “கொழுந்து சீசனுங் மாமா. கல்யாணம்னா துரை ஒரு நாக்கூட உடமாட்டாரு. இந்தக் கடுதாசியக் காட்டினனோ இல்லியோ, தொப்பியக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு, காரியமெல்லாம் முடிச்சுப்போட்டு மெதுவா வான்னுட்டாருங்க.” ஆகவே இக்கடிதம் தபாலுக்குப் போகவில்லை, கையிலேயே தருகிறேன். இதையும் மஞ்சள் பத்திரிகையையும் தயவுசெய்து மலைப்பக்கம் கொண்டுபோக வேண்டாம். உங்கள் அக்காள் உத்தரவு போட்டுவிட்டாள்: “தாலி ஏறி, தம்பி ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க செத்தவராவே இருங்க.”