பர்மாவில் என் மாமனார் சுட்ட நாலு குண்டு

"உள்ளதச் சொல்லுங்க" என்று ஒருவர் கேட்டால், அவர் உள்ளதைக் கேட்கவில்லை என்று பொருள். புதுச் சேலையைக் காட்டிக் கேட்டாலும் சரி, மகளைப் பாட வைத்துவிட்டுக் கேட்டாலும் சரி, பதில் ஒன்றுதான்: "பிரமாதம்!" இது எல்லாருக்கும் பள்ளிக்கூடத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. எனக்கு இருபத்தாறு வயதில்தான் தெரிந்தது. அதுவும் பட்டுச்சேலையோடு தரையில் குப்புறப் படுத்த பிறகு.

நான் செல்லூர்க்காரி. அப்பாவுக்கு அங்கே தறி உதிரிப் பாகங்கள் விற்கும் சின்னக் கடை. கல்லூரியில் நான் என்.சி.சி.யில் சேர்ந்தேன். (தேசபக்தி என்று நினைக்க வேண்டாம். அணிவகுப்பு முடிந்ததும் பூரி கிழங்கு தருவார்கள்.) அங்கேதான் என் தோளில் ஒரு த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியை வைத்தார்கள். பட்டாளத்தில் கழித்துக் கட்டிய கிழட்டுத் துப்பாக்கி; சுடாது, பயிற்சிக்கு மட்டும். மற்ற பெண்கள் தோள்பட்டை போச்சு என்று அழுதார்கள். எனக்கோ பார்த்ததும் காதல். அதன் பிறப்பு, வளர்ப்பு, அண்ணன் தம்பி, பங்காளிகள் என்று குடும்ப வரலாறு முழுவதையும் யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்தேன். அந்த உழைப்பில் பாதியைப் பாடத்தில் காட்டியிருந்தால் இன்று கலெக்டர்.

அதற்குப் பிறகு எந்தப் போர்ப்படத்தையும் நான் நிம்மதியாகப் பார்த்ததில்லை. பக்கத்தில் இருப்பவரையும் பார்க்க விட்டதில்லை. கதாநாயகன் சாகக் கிடப்பான், தியேட்டரே மூக்கைச் சிந்தும். நான் மட்டும் "ஏய், அவன் கையில இருக்குற துப்பாக்கி அந்தச் சண்டைக்கு அப்புறம்தாண்டி வந்துச்சு" என்பேன். தோழிகள் ஒவ்வொருவராக என்னைப் படத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

இந்த நிலையில்தான் ஆனையூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சரவணன், லிப்ட் பழுது பார்க்கும் வேலை. போட்டோவில் கொஞ்சம் அசட்டுத்தனமாகச் சிரித்தார், எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன் வந்த இரண்டு வரன்கள் ஜாதகத்தில் தட்டிப் போயிருந்ததால், அம்மா இந்த வரனைக் கைக்குழந்தையைப் போலப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். பெண் பார்க்க வருகிற அன்று எனக்குப் பூ வைத்துக்கொண்டே சொன்னாள்:

"இந்தா, கேட்டுக்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. துப்பாக்கின்னு ஒரு வார்த்தை ஒன் வாயிலருந்து வந்துச்சு, நான் வைகையில போயி விழுந்துருவேன்."

"தண்ணி இருக்காம்மா?"

"பாத்தியா, இந்த வாயத்தான் சொல்றேன்."

மாப்பிள்ளை வீட்டில் மூன்றே பேர்தான் வந்தார்கள். சரவணன், அவருடைய அம்மா பாண்டியம்மாள், அப்பா தங்கராசு. தங்கராசு மாமா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். எங்கள் வீட்டு ஹாலுக்குள் நுழையும்போதே பழக்கதோஷத்தில் "உள்ள தள்ளி உக்காருங்க, எடம் இருக்கு" என்றார். மீசை இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு கன்னத்தில் ஏறி நின்றது. நான் கேசரித் தட்டை நீட்டினேன். அவர் கேசரியை எடுக்கவில்லை. எங்கள் டி.வி.யைப் பார்த்தார்.

"டி.வி. எம்புட்டுப் பெருசு! பென் டிரைவ் போடலாமாண்ணே?" என்று அப்பாவைக் கேட்டார்.

பாண்டியம்மாள் அத்தை, "ஆரம்பிச்சுட்டாரு" என்று மெல்லச் சொன்னார். சரவணன் கூரையைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். மாமா ஒரு சினிமாவில் நடித்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மாப் பக்கம் நடந்த சண்டையைப் பற்றிய படம். படம் எடுத்தது என்னவோ அலங்காநல்லூர் பக்கம். கரும்புத் தோட்டம்தான் பர்மாக் காடு. மாமாவின் மீசையைப் பார்த்த யாரோ அவரைக் கூட்டத்தில் ஒரு சிப்பாயாகச் சேர்த்துவிட்டார்கள். அவர் நடித்த அந்தத் துண்டுக் காட்சியை மட்டும் வெட்டி ஒரு பென் டிரைவில் போட்டு, சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்தார். கல்யாணம், காதுகுத்து, இழவு விழுந்த துஷ்டி வீடு என்று எங்கே போனாலும் அங்கே டி.வி. இருந்தால் போதும்.

காட்சி ஓடியது. கரும்புக்குள்ளிருந்து காக்கி உடையில் மாமா எழுகிறார். துப்பாக்கியைத் தூக்குகிறார். டுமீல், டுமீல், டுமீல், டுமீல். பிறகு அவர் மார்பில் குண்டு பாய்கிறது. "அம்மா!" என்று அலறி விழுகிறார். அவ்வளவுதான், பத்து விநாடி. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். (எத்தனையாவது தடவையோ, அழுகையில் கலப்படம் இல்லை.)

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் தடவை ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா மறுபடியும் போட்டார். பேசவில்லை. மூன்றாவது தடவை, மெதுவாக ஓடும்படி போட்டார். துப்பாக்கியின் அடிவயிறு திரை முழுக்கத் தெரிந்தது. எனக்கு வியர்த்தது. அம்மா சமையலறை வாசலில் நின்று கண்ணாலேயே கும்பிட்டாள்.

அப்போதுதான் மாமா என் பக்கம் திரும்பினார்.

"எப்புடித்தா இருக்கு? மறைக்காம உள்ளதச் சொல்லு."

"நல்லா இருக்கு மாமா" என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. "ஆனா..."

சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்தது.

"ஆனா அந்தத் துப்பாக்கி, அந்தச் சண்ட முடிஞ்சு இருவது வருசம் கழிச்சுத்தான் மாமா பொறந்துச்சு."

மாமாவின் மீசை ஒரு பக்கம் இறங்கியது. "என்னத்தா சொல்ற? அசல் பட்டாளத்துத் துப்பாக்கின்னு சொல்லித்தான் குடுத்தாய்ங்க."

"பட்டாளத்துத் துப்பாக்கிதான். ஆனா வேற பட்டாளம்" என்று, ரிமோட்டை அவர் கையிலிருந்தே வாங்கி, அவர் உயிர் பிரிவதற்குக் கொஞ்சம் முன்பாகப் படத்தை நிறுத்தினேன். கேசரிக் கரண்டியால் திரையைத் தொட்டுக் காட்டினேன். "இங்க பாருங்க. குண்டு அடைக்கிற இந்தப் பெட்டி சதுரமா இருக்குல்ல? வெள்ளக்காரன் காலத்துத் துப்பாக்கியில இது அடியில சரிவா இருக்கும். இது சீனாச் சண்டைக்கு அப்புறம் நம்ம நாட்டுல செஞ்சது. பாக்குறதுக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணா இருக்கும். கழிச்சுப் போட்ட துப்பாக்கியத்தான் படத்துக்கு வாடகைக்கு விடுவாங்க. எது கெடைக்குதோ அதக் கையில குடுத்துருவாங்க."

திரையில் மாமாவின் நெற்றியில் கேசரி ஒட்டியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. நான்தான் வெள்ளத்தில் இறங்கிவிட்டேனே!

"அப்புறம் இன்னொண்ணு மாமா. நாலு தடவ சுடுறீங்க. இந்தத் துப்பாக்கியில ஒரு தடவ சுட்டா, இந்தக் கைப்பிடியப் பின்னால இழுத்து, முன்னால தள்ளுனாத்தான் அடுத்த குண்டு. நீங்க ஒரு தடவகூட இழுக்கல. அப்ப மிச்ச மூணு குண்டு எங்கருந்து வந்துச்சு?"

"டைரக்டரு சுடுன்னாரு, சுட்டேன்" என்றார் மாமா. குரலில் கண்டக்டர் இல்லை. பாஸைத் தொலைத்த பயணி இருந்தார். "சரி, அது போகட்டும். நான் செத்தது?"

"செத்தது ரொம்ப நல்லா இருக்கு மாமா. ஆனா குண்டு எடப்பக்கம் வந்து, நீங்க வலப்பக்கத்தப் பிடிச்சுக்கிட்டுச் சாகுறீங்க."

சரவணன் களுக்கென்று சிரித்துவிட்டார். அத்தை அவர் தொடையில் கிள்ளினார்.

"இழுக்குறதுன்னா எப்புடி இழுக்குறது?" என்றார் மாமா, வீம்பாக. "தோள்ல வச்சுக்கிட்டு எப்புடி இழுக்க முடியும்? ஆகுற காரியமா?"

ஆகாது என்று யாராவது சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. கதவுக்குப் பின்னால் ஒட்டடைக் கம்பு இருந்தது. எடுத்தேன். நின்றுகொண்டு காட்டியிருந்தால்கூட மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஆனால் என்.சி.சி.யில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது படுத்துச் சுடுவது. பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, கழுத்தில் அம்மாவின் காசுமாலை, இவற்றோடு ஹாலின் நடுவில் குப்புறப் படுத்து, காலை அகட்டி, கம்பைத் தோளில் அணைத்து, ஒரு கண்ணை மூடினேன்.

"இப்புடி மாமா. சுடு, இழு, தள்ளு. சுடு, இழு..."

இந்த நேரம் பார்த்து, பேச்சை மாற்றும் நல்ல எண்ணத்தோடு அம்மா காபித் தட்டை எடுத்துக்கொண்டு விரைந்து வந்தாள். பெண் பார்க்க வந்த அன்று மகளின் கால் நடு ஹாலில் கிடக்கும் என்று எந்தத் தாய் எதிர்பார்ப்பாள்? தடுக்கினாள். காபி சரவணனின் வெள்ளைச் சட்டைக்குப் போனது. பதறி நான் கம்பைத் தூக்க, அதன் நுனியிலிருந்த துடைப்பம் கேசரித் தட்டில் இறங்கி, அங்கிருந்து எழுந்து, அத்தையின் கொண்டையில் ஒரு பழைய சிலந்தி வலையை வைத்துவிட்டு நின்றது.

டி.வி.யில் மாமா மட்டும் நெற்றியில் கேசரியோடு, துப்பாக்கியைப் பிடித்தபடி உறைந்து நின்றார்.

மாமா எழுந்தார். பென் டிரைவை உருவி, ஊதி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஏத்தா, அம்புட்டு வருசம் பஸ்ஸுல டிக்கெட் குடுத்தேன். ஒரு பய என் மொகத்த நெனப்புல வச்சுக்கல. அந்தப் படத்துல செத்த பெறகுதான் தெருவுல நாலு பேரு, அண்ணே சவுக்கியமான்னு கேக்குறாய்ங்க." அவ்வளவுதான். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேச ஆரம்பித்தாள்; பேசாத நாட்களே மேல் என்று ஆகிவிட்டது. அப்பா மட்டும் ராத்திரிச் சாப்பாட்டின்போது மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, ஒரு தடவகூட இழுக்கலையா? நான் கவனிக்கலையே." அவருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. சரவணனை நினைத்து என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில், ஆட்டோவில் ஏறிய அந்த மனிதரின் முதுகுதான் நினைவில் நின்றது. பத்து விநாடிதான் அவருக்குக் கிடைத்தது. அதைக் கரண்டியால் குத்திக் காட்டிவிட்டேனே! மன்னிப்புக் கேட்கலாமென்று பலமுறை போனை எடுத்தேன். என்ன சொல்வது? "மாமா, துப்பாக்கி சரிதான்" என்று பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது.

"நான் ஆனையூர் தங்கராசு பேசுறேன்."

நான் எழுந்து நின்றுகொண்டேன். "மாமா, அன்னிக்கு நான் பேசுனது தப்புதான், மன்னிச்சுக்..."

"அத விடுத்தா. ஒரு சந்தேகம். டி.வி.யில ஒரு சண்டப்படம் ஓடுது. ஒருத்தன் இழுக்காமலேயே ஏழு தடவ சுட்டுட்டான். தப்புத்தான?"

"என்ன துப்பாக்கி மாமா? பெட்டி எப்புடி இருக்கு?"

"சரிவா இருக்கு."

"அப்ப அதையும் இழுத்துத்தான் சுடணும். தப்புத்தான் மாமா."

"கதாநாயகன் வேற! அயோக்கியப் பய" என்றார் மாமா. அந்தக் குரலில் இருந்த ஆனந்தத்தை என்னால் எழுத முடியாது. தன்னைவிடப் பெரிய தப்புச் செய்தவனைக் கண்டுபிடித்துவிட்டவரின் ஆனந்தம் அது. மறுநாளும் போன் வந்தது. அதற்கு மறுநாளும். ஒரு நாள் போனில் சரவணனின் குரல் கேட்டது: "எங்கப்பா உங்களோட பேசுற நேரத்துல பாதியாச்சும் எனக்குக் கெடைக்குமா?" ஆவணியில் கல்யாணம்.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் போர்ப்படம் பார்ப்பது அத்தைக்கும் சரவணனுக்கும் பெரிய தண்டனை. இரண்டு மணி நேரப் படத்தை நானும் மாமாவும் நிறுத்தி நிறுத்தி ஐந்து மணி நேரம் பார்ப்போம்.

போன வருஷம் மாமாவுக்கு இரண்டாவது பட வாய்ப்பு வந்தது. அதே பர்மா, வேறு கரும்புத் தோட்டம். மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு போனார். காக்கியை மாட்டி, துப்பாக்கியைக் கையில் கொடுத்ததும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்திருக்கிறார். சதுரப் பெட்டி.

"தம்பி, இத வச்சுக்கிட்டு நான் சாக மாட்டேன்" என்று உதவி இயக்குநரிடம் சொல்லிவிட்டார். அந்தத் தம்பி வெயிலில் காலையிலிருந்து நின்று நொந்துபோயிருந்தவர். "அப்பத் துப்பாக்கி இல்லாமச் சாவுங்க பெருசு" என்று, ஏற்கெனவே செத்துக் கிடந்தவர்களோடு மாமாவைப் படுக்க வைத்துவிட்டார்.

படம் வந்த அன்று குடும்பத்தோடு போனோம். போர்க்களத்தில் கேமரா மெல்ல நகர்கிறது. சோகமான புல்லாங்குழல். தியேட்டரில் நிசப்தம். மாமா மல்லாந்து கிடக்கிறார், மீசை மட்டும் காற்றில் ஆடுகிறது. பக்கத்தில் துப்பாக்கி இல்லை. ஒரு குறையும் சொல்ல வழியில்லை. நான் நிம்மதியாகக் கைதட்டப் போனேன். அப்போது, ஒருநாளும் எந்தப் படத்திலும் எந்தத் தப்பும் சொல்லாத என் மாமியார் இருக்கையிலிருந்து எழுந்து நின்று கத்தினார்:

"ஏங்க, செத்த பெணத்துக் கையில வாட்ச்சு மினுக்குது!"

மாமாவின் பிறந்தநாளுக்குச் சரவணன் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச். யாரும் கழற்றச் சொல்லவில்லை, மாமாவும் கழற்றவில்லை. புல்லாங்குழலை யாரும் கேட்கவில்லை; தியேட்டரே சிரித்தது. மாமா இருக்கையில் சரிந்து சரிந்து, வெளியில் மீசை மட்டும் தெரியும் அளவுக்குப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா சோபாவில் மல்லாந்து தூங்குவார். கை அசைந்தால் வாட்ச் ஒளிரும். உடனே சமையலறையிலிருந்து அத்தை குரல் கொடுப்பார்:

"ஏங்க, பர்மாவுல இப்ப மணி எம்புட்டு?"

கண்ணைத் திறக்காமலே அவர் நம்மூர் மணியோடு ஒரு மணி நேரம் கூட்டி, சரியான பர்மா மணியைச் சொல்லுவார்.