ரெக்டிஃபை கிராணியார்

டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தவறுகளே பயந்து நடுங்கிய மனிதர் ஒருவர்தான்: எங்கள் ரெக்டிஃபை கிராணியார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆபீஸில் கணக்கும் பெயரேடும் எழுதும் பெரிய கிராணி. முப்பதுகளின் தொடக்கத்தில் நான் அவருக்குக் கீழே சின்னக் கிராணி. அவருடைய சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார்.

ஆங்கிலத்தில் அவருக்குப் பிடித்த வினைச்சொல் ரெக்டிஃபை ஒன்றுதான். சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கினால் ரெக்டிஃபை. கோயில் மணி கோணலாகத் தொங்கினால் ரெக்டிஃபை. தங்கா பத்து என்ற ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், மாப்பிள்ளையின் தலைப்பாகை சாய்ந்திருக்கிறதென்று தாலி கட்டும் நேரத்தில் மணவறை ஏறிவிட்டார். கெட்டிமேளம் காத்திருந்தது.

“கரெக்ட் வேறை, ரெக்டிஃபை வேறை, தம்பி. கடதாசியில எழுத்தைத் திருத்தினால் கரெக்ட். அந்தப் பிழையால கெட்டதையும் நேராக்கினால்தான் ரெக்டிஃபை. விளங்குதோ?”

எனக்கு விளங்கியது முனியாண்டி செத்த பிறகுதான்.

தோட்டத்தில் இரண்டு முனியாண்டிகள். ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை, பெயரேட்டில் ஆள் மாறி, உயிரோடிருந்த மற்றவர் பெயர்மேல் சிவப்புக் கோடு இழுத்தார். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் மரணச் செய்தியையும் தன் வாயாலேயே அறிவித்தார். வரிசையில் நின்ற முனியாண்டி, “தொர, நான் இங்கதான் இருக்கேன்!” என்று அலறினார்.

“சும்மா இருலா, தொர பேசுறாரு” என்று கங்காணி அடக்கினார்.

பெயர் இல்லாதவருக்கு வேலை இல்லை. திங்கட்கிழமைக்குள் அவர் வீட்டைப் புதுக் குடும்பத்துக்குக் கொடுக்கவும் உத்தரவு. முனியாண்டி ஆபீஸுக்கு ஓடி வந்தார்.

“செத்தவனுக்கு எதுக்கு வீடுன்னு கேக்குறாரு கங்காணி. புள்ளைங்கள எங்கங்க கொண்டு போவேன்?”

கிராணியார் பெயரேட்டோடு துரையிடம் போனார். துரை அந்தச் சிவப்புக் கோட்டை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டு, “கரெக்ட் பண்ணியாச்சு. போ” என்றார் தோட்டத்துத் தமிழில்.

கிராணியார் நகரவில்லை.

“இது கரெக்ட் மட்டும்தான், சேர். கங்காணி ஏடு வாசிக்கிறவர் இல்லை. உங்கட வாயைக் கேக்கிறவர். இத்தனை சனத்துக்கு முன்னால சாகடிச்சனீங்கள். அதே சனத்துக்கு முன்னால உயிர் குடுக்கோணும்.”

“முடியாதுன்னா?”

“நாளையில இருந்து நானும் செத்தவன் எண்டு எழுதிக்கொள்ளுங்கோ.”

மறுநாள் பெரட்டில் துரை தொண்டையைக் கனைத்தார்.

“முனியாண்டி சாகலே. வீடு அவனுக்குத்தான். தப்பு என்னோடது.”

வரிசையில் நின்றவர்கள் ரப்பர் பால் வாளிகளைத் தட்டிய சத்தம் பக்கத்துத் தோட்டம்வரை கேட்டது. கங்காணியே விசில் அடித்தார். கிராணியார் மட்டும் துரையின் பக்கம் குனிந்து, “தொப்பி கொஞ்சம் சாய்வு, சேர்” என்றார். துரை நேராக்கிக்கொண்டார்.

அன்று முதல் பெரட்டில் தன் பெயர் வந்ததும் முனியாண்டி ஆபீஸ் ஜன்னலைப் பார்த்து, “இருக்கேங்க!” என்று கத்துவார். கிராணியார் தலை நிமிர மாட்டார். ஆனால் அந்தக் குரல் வருவதற்கு முன் அவர் பேனா மூடியைத் திறந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.