பதினான்கு இருக்கை வேனும் ஒரு நீல டிரம்மும்

ஒரே ஒரு பெண்மணியை ஏற்றிவரப் பதினான்கு பேர் உட்காரும் வேனைப் பிடித்தவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்று நடந்த மற்ற கூத்துகளில் அம்மா, அக்கா, மச்சான், கழுகுமலை முருகன் என்று ஆளுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. வேன் மட்டும் முழுக்க என் யோசனை. (டிரைவர் அண்ணாச்சியே சொன்னார், கார் போதும் தம்பி என்று. அவ்வளவு பெரிய கப்பலில் வந்து இறங்குகிறவரைக் காரில் ஏற்றினால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று கேட்டவன் நான்.)

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் ஒன்று அது. எனக்கு இருபத்து மூன்று வயது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் டைப் செய்யும் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள். அதோடு நின்றிருக்கலாம். மேலும் போய் வரலாற்றில் எம்.ஏ. வாங்கிவிட்டேன். வாங்கியதைக் காட்டத்தான் ஆள் கிடைக்கவில்லை.

ஊரில் பேச ஆளில்லை என்று சொல்ல மாட்டேன். மழை, பருத்தி, மிளகாய் வத்தல், யார் வீட்டில் பெண் எடுப்பது, எதைப் பற்றியும் பேசுவார்கள். "கழுகுமலையில ஒரே பாறைய மேலயிருந்து கீழ செதுக்கிக் கோயிலாக்கியிருக்காங்க, தெரியுமா?" என்று நான் ஆரம்பித்தால் மட்டும், "அப்படியாய்யா? சாப்ட்டியா?" என்று அன்பாக முடித்துவிடுவார்கள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக பஸ் ஏறிக் கழுகுமலைக்குப் போவேன். மேலே வெட்டுவான் கோயில், சற்றுத் தள்ளிப் பாறை முழுக்கச் சமணச் சிற்பங்கள். ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழையவை. பெரும்பாலும் அங்கே நானும் இரண்டு ஆடுகளும் மட்டும்தான். ஆடுகளுக்கு நான் பாண்டியர் கலை பற்றி விளக்கியதுண்டு. (சிரிக்காதீர்கள். சாப்ட்டியா என்று ஒருநாளும் அவை கேட்டதில்லை.)

இந்த நிலையில்தான் கோவில்பட்டி பிரவுசிங் சென்டரில், பயணிகள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் ஒரு பக்கத்தில், அந்தக் கேள்வியைப் பார்த்தேன். 'எங்கள் கப்பல் தூத்துக்குடியில் ஒரு பகல் நிற்கிறது. எல்லாரும் பஸ்ஸில் கூட்டமாகப் போகிறார்கள். எனக்குக் கூட்டம் வேண்டாம். பழைய கல் ஏதாவது பார்க்க முடியுமா?' கேட்டவர் ஹில்டா, ஸ்காட்லாந்தில் ஓய்வுபெற்ற புவியியல் டீச்சர்.

பழைய கல்! நான் நான்கு பக்கம் பதில் எழுதினேன். அவர் பதில் போட்டார். ஐந்து மாதம் ஓடியது இந்தப் போக்குவரத்து. கப்பல் எட்டரைக்கு வரும், பிற்பகல் மூன்றரைக்குள் திரும்பிவிட வேண்டும், பிந்தினால் கப்பல் காத்திருக்காது. நான் வண்டி பிடித்து, அழைத்துப்போய், காட்டி, கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. வழிகாட்டிக்குக் காசு எவ்வளவு என்று கேட்டிருந்தார். ஒன்றும் வேண்டாம் என்று எழுதினேன். ஒரு மணி நேரம் நான் சொல்வதை ஒருவர் கேட்கப் போகிறார், அதற்கு நான்தான் கொடுக்க வேண்டும். இது எழுதவில்லை, நினைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு மணி நேரத்துக்காக ஆங்கிலத்தில் பதினெட்டுப் பக்கம் குறிப்பு தயாரித்தேன். நீலத்தில் புதுச் சட்டை தைத்தேன்.

அன்று காலை துறைமுக வாசலில் அவர் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏசி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளைக்காரர்களை நிறைத்துக்கொண்டு போயின. கடைசி பஸ்ஸும் போய்ப் புழுதி அடங்கிய பிறகு, துணித்தொப்பி வைத்த ஒரு அம்மா ஒற்றை ஆளாக நடந்துவந்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்து, "மற்றவர்கள் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மற்றவர்கள் இல்லை. உங்களுக்கு மட்டும்தான்" என்றேன் பெருமையாக.

வண்டி கிளம்பியது. கப்பலில் ஒருவரையும் தெரியாது என்றும், சாப்பாட்டு மேசையில் தினமும் தனியாகத்தான் உட்காருவதாகவும் சாதாரணமாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "அந்தக் கோயிலைப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்களே, ஏன் விட்டார்கள்?"

இந்தக் கேள்வியை ஒரு மனிதர் என்னிடம் கேட்க வேண்டும் என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஏங்கியிருப்பேன்! அதற்கு நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "அது பதினொன்றாம் பக்கத்தில் வருகிறது. மலைமேல் நின்று சொல்கிறேன்."

நல்ல பண்டத்தை வழியிலேயே பிரித்துவிடக் கூடாதாம். ஆகவே எட்டயபுரம் தாண்டும்வரை, ஒன்றேகால் மணி நேரம், ஸ்காட்லாந்தில் மழை எப்படி, குளிர் எப்படி என்று விசாரித்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் ஊர் எட்டயபுரத்துக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில். "அம்புட்டுத் தூரத்துலருந்து வாராவ, நம்ம வீட்டுல ஒரு வாய் காப்பி குடிக்காமப் போனா நல்லாவா இருக்கும்?" என்று அம்மா சொல்லியிருந்ததால் ஐந்து நிமிடம் நிறுத்தச் சம்மதித்திருந்தேன். வேன் தெருவில் திரும்பியது. வீட்டு வாசலில் பட்டுச்சேலையும் வேட்டியுமாகப் பன்னிரண்டு பேர். சோற்றுக் குண்டான், சாம்பார் வாளி, வாழைஇலைக் கட்டு, அர்ச்சனைத் தட்டு. நடுவே அக்கா, இடுப்பில் அவள் மகன் செல்வம், தலை நிறையச் சுருட்டை முடியோடு.

வேன் முழுதாக நிற்கும் முன்பே இறங்கினேன். "என்னம்மா இது?"

"வண்டி சும்மாத்தானய்யா போவுது" என்றாள் அம்மா. "ஒத்தப் பொம்பளைக்கு இம்புட்டுப் பெரிய வண்டி. அதுவும் கழுகுமலைக்கே. புள்ளைக்கு ரெண்டு வயசாவப் போவுது, முருகனுக்கு நேந்துக்கிட்ட முடி இன்னும் தலையிலயே கெடக்கு."

"எப்பக் கேட்டாலும் தாய்மாமனுக்கு நேரமில்ல" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கிழமையானா எங்கயோ போயிருத. இன்னைக்கு நீயே கழுகுமலைக்குத்தான் போற. இதவிட்டா வேற நாள் வருமாலே?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

"சொன்னா வேண்டாம்ப."

இந்த ஏற்பாடு மூன்று வாரமாக நடந்திருக்கிறது. கடம்பூர்ச் சித்தப்பா வரைக்கும் தகவல் போயிருக்கிறது. (அவர் போளியோடு வந்திருந்தார்.) என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காராமல் ஒரு குழந்தைக்கும் மொட்டை விழாது. அப்படிப்பட்ட தாய்மாமனுக்கு மட்டும் தெரியாது.

ஹில்டாவுக்குக் கருப்பட்டிக் காப்பி, கலர் சோடா, கடலைமிட்டாய் மூன்றும் ஒரே நேரத்தில் கொடுக்கப்பட்டன. அவர் எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் இருந்தபோது அக்கா செல்வத்தை அவர் மடியில் இறக்கிவிட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து வேன் கிளம்பியது. ஹில்டா முன்வரிசை ஜன்னலோரம், பக்கத்தில் அம்மா, பின்னால் சித்தப்பா. சோற்றுக் குண்டானுக்குக்கூட ஒரு இருக்கை கிடைத்தது, எனக்கு மட்டும் குறைந்தது. கடைசியில் ஸ்டெப்னி டயர்மேல் உட்கார்ந்தேன், மடியில் சாம்பார் வாளி. அங்கிருந்து ஆங்கிலத்தில், "இடதுபக்கம் பார்த்தால் கரிசல் மண்!" என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வலதுபக்கமும் அதே மண்தான்.

கழுகுமலை அடிவாரத்தில் இறங்கும்போது மணி பதினொன்றே முக்கால்.

"ஒன்னரைக்கு இங்கன இருந்து எடுத்தாத்தான் கப்பலைப் பிடிக்க முடியும், தம்பி" என்றார் டிரைவர் அண்ணாச்சி.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஏற இருபது நிமிடம், இறங்கப் பதினைந்து. பதினெட்டுப் பக்கத்துக்கு நேரம் இருக்கிறது. "அக்கா, நீங்க சாமி கும்பிடுங்க. நான் இவியள மேல கூட்டிட்டுப் போயி ஒரு மணி நேரத்துல வந்துருதேன்."

"நடை சாத்திருவாங்கலே! அதுக்கு முன்னால முடி எடுக்கணும்."

 செல்வத்தின் அப்பா, என் மச்சான், துண்டை உதறித் தோளில் போட்டார். "தாய்மாமன் மலைக்குப் போறார்னா, சரி, நாம வீட்டுக்குப் போவோம். முடி வளரட்டும். சடை பின்னிக்கிடலாம்."

 ஹில்டாவிடம் விளக்கினேன். எவ்வளவு நல்ல ஆங்கிலம் படித்திருந்தும், 'என் மடியில் உட்கார்ந்தால்தான் அவனுக்கு மொட்டை போட முடியும்' என்பதை மரியாதையாகச் சொல்ல எனக்கு வாக்கியம் கிடைக்கவில்லை. அவர் புரிந்துகொண்டார். "பரவாயில்லை, நான் ஏறுகிறேன்" என்றார். டிரைவர் அண்ணாச்சி தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் 'கம்', 'கோ', 'ஸ்லோ'.

நான் வெட்டவெளியில் ஒரு பலகையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் தலை கழுவ ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர். எங்களுக்கு முன்னால் மூன்று குழந்தைகள். முறை வந்தபோது மொட்டை போடுகிறவர், "முதல் முடி மண்ணுல விழக்கூடாது, தாள் இருந்தாக் குடுங்க" என்றார். அக்கா என் சட்டைப்பைக்குள் கையை விட்டு, அகப்பட்ட தாளை உருவினாள். அது பதினொன்றாம் பக்கமாகவா இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதுதான்.

செல்வம் கழுகுமலையே இடியும்படி அழுதான். என் காதைப் பிடித்து இழுத்தான், புதுச் சட்டையை நனைத்தான், மேலெல்லாம் முடி. நான் அவன் தலையை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டு, அவ்வப்போது அண்ணாந்து மலையைப் பார்த்தேன். உச்சியில் ஒரு வெள்ளைத் தொப்பி நடமாடியது. இப்போது கோயிலைச் சுற்றி வருகிறார். இது ஆறாம் பக்கம். இப்போது சிற்பங்கள் பக்கம் நகர்கிறார். இது பன்னிரண்டு. சுற்றிலும் என் குடும்பம் மொத்தமும் நின்றது. அவ்வளவு பேருக்கு நடுவே, அவ்வளவு தனியாக, அதற்கு முன் நான் இருந்ததில்லை.

மொட்டை முடிந்து, சாமி கும்பிட்டு வந்தால், அடுத்து காதுகுத்து. அதற்கும் அதே மடி. ஆசாரி டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வந்து ஊசியை எடுத்தபோது ஹில்டா இறங்கி வந்துவிட்டார். முகம் சிவந்து, வேர்த்து, அப்படி ஒரு சந்தோஷம்.

"உங்கள் வழிகாட்டி மிகச் சிறந்தவர்" என்றார், அண்ணாச்சியைக் காட்டி. "ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்க்க விட்டார்."

பையில் மிச்சமிருந்த பதினேழு பக்கமும் கனத்தன.

"தம்பி, கப்பல் போயிரும்" என்றார் அண்ணாச்சி.

எழுந்திருக்க முயன்றேன். ஒரு காதுதான் குத்தியிருந்தது. "ஒத்தக் காதோட எங்கலே எந்திரிக்க?" என்றாள் அக்கா. ஹில்டா குனிந்து செல்வத்தின் மொட்டையைத் தடவினார், என் கையைக் குலுக்கினார். மறுகாதில் ஊசி இறங்கியது. செல்வத்தின் அலறலில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நான் சொன்னதும் அவருக்குக் கேட்டிருக்காது. தூத்துக்குடிக்கு வழித்துணையாகச் சித்தப்பா ஏறிக்கொண்டார், மீதிப் போளியோடு. பதினான்கு இருக்கை வேன் இரண்டே பயணிகளோடு போனது. காலியாகத்தான் போனது. எனக்கு அதில் இடமில்லை.

கப்பலைப் பிடித்துவிட்டார். இரண்டு மாதம் கழித்துத் தபாலில் ஒரு கடிதமும் ஒரு போட்டோவும் வந்தன. கடிதத்தில் எல்லாரையும் விசாரித்துவிட்டு எழுதியிருந்தார்: 'கோயில் ஏன் பாதியில் நின்றது என்று நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் மேலிருந்து கீழே பார்த்தபோது எனக்கே புரிந்துவிட்டது. செதுக்கியவருக்கும் ஒரு அக்கா இருந்திருக்க வேண்டும்.'

நான் பதில் எழுதினேன். பதினெட்டுப் பக்கம், பதினொன்றாம் பக்கத்தை மறுபடி எழுதிச் சேர்த்து. அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை.

போட்டோ இப்போதும் அக்கா வீட்டுச் சுவரில் இருக்கிறது. மலை உச்சியிலிருந்து எடுத்தது. கீழே கோயில், தெப்பக்குளம், ஓரமாகக் கடுகு கடுகாகச் சில ஆட்கள். விசேஷத்துக்குக் கூடினால் எங்கள் குடும்பம் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளும். "இந்தா, இந்தச் செவப்பு நான்." "ஏட்டி, அது நானு. நீ பச்சையில்லா கட்டியிருந்த?" "வெள்ளையா நிக்கது உங்க மச்சான்." எல்லாருக்கும் ஆளுக்கொரு புள்ளி கிடைத்துவிட்டது. கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, வெயிலில், ஒரு நீலப் புள்ளி இருக்கிறது. அது நான் என்று முதல் தடவையே சொன்னேன்.

"அது தண்ணி டிரம்முலே" என்றாள் அக்கா.

அன்று விழுந்த பெயர். இன்றைக்கும் எங்கள் வீட்டில் வேன் பிடித்தால், "எல்லாரும் ஏறியாச்சா? டிரம்மு எங்க?" என்றுதான் கேட்பார்கள். செல்வம் இப்போது கல்லூரிக்குப் போகிறான், அவனும் டிரம் மாமா என்றுதான் கூப்பிடுகிறான். நானும் வாதாடிப் பார்த்துவிட்டேன். ஒருநாள் யாரும் இல்லாதபோது லென்ஸ் வைத்துக்கூடப் பார்த்தேன்.

டிரம்தான்போல.