குடைக் காம்பில் எஞ்சின் கேட்பவர்

புதுச்சேரிக்கு மோட்டார் வந்த நாள் முதலாக ஓர் இனம் பெருகி வருகிறது. இந்த இனத்தாருக்குக் கார் கிடையாது. காது உண்டு. பெரிய மார்க்கெட் வாசலில் எவராவது காரின் மூடியைத் தூக்கிவிட்டால் போதும், பேரம் பேசிக்கொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார்கள், தலையைச் சாய்ப்பார்கள், கண்ணை மூடுவார்கள், ஒரு விரலைத் தூக்கி "உஸ்!" என்பார்கள், எஞ்சினையா அடக்குகிறார்கள் என்று நீங்கள் திகைத்து நிற்கும்போதே "வால்வு!" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பிரேக் பிடிக்காவிட்டாலும் வால்வுதான். விளக்கு எரியாவிட்டாலும் வால்வுதான். நீங்கள் பார்த்ததில்லையா என்ன?

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் கோர்ட்டு எழுத்தர் கலியபெருமாள். பிரெஞ்சுக்காரர் பாணியில் தெருவே அவரை 'முசே' என்றுதான் கூப்பிடும். குடை நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, வளைந்த காம்பைக் காதில் வைத்துக் கேட்பார். டாக்டர் தோற்றார் போங்கள்! மழைக்கு அந்தக் குடையை அவர் விரித்து நான் கண்டதில்லை.

இந்த 1938-ல் எதிர்வீட்டுப் பிரகாசம், ஊரிலேயே டீசலில் ஓடும் ஒரே காரைப் பழைய வண்டி விலைக்கு வாங்கினார். மகள் அகஸ்டினாவின் கலியாணத்துக்கு அதில்தான் சம்பா கோயில் என்கிற மாதா கோயிலுக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கலியாணம் திங்கட்கிழமை எட்டு மணிப் பூசையில். புதன்கிழமை விபூதிப் புதன். தவக்காலம் பிறந்துவிட்டால் நாற்பது நாளைக்குத் தாலி கட்ட முடியாது. "மணி அடிச்சு முடிக்கறதுக்குள்ள பொண்ணு வரணும். செவ்வாய்க்கிழமை நான் ஊர்ல இல்ல. இல்லன்னா ஈஸ்டருக்கு அப்புறம்தான்" என்று சாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலையில் அரியாங்குப்பத்திலிருந்து மெக்கானிக் குமாரவேல் வந்தான். எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கும் இரும்புக் கைக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றை நுழைத்துப் பார்த்து, திருகைத் திருப்பி, மறுபடி நுழைத்துப் பார்த்து, எட்டையும் முடித்தான். வண்டியை ஓடவிட்டான். டக், டக், டக்.

"சத்தம் வருதேப்பா?" என்றார் பிரகாசம்.

"வரணும்ங்க. சூடானா இரும்பு வளரும். அதுக்கு எடம் உட்டிருக்கேன். டக்குனு கேட்டாத்தான் வால்வு நல்லா மூடுதுன்னு அர்த்தம்" என்று சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் தலை மறைந்தது. குடை வந்தது.

"என்ன பிரகாசம், கலியாண வண்டி தாளம் போடுது! மாப்பிள்ளை வீட்டுக்காரன் கேட்டா சிரிக்க மாட்டானா?"

"மெக்கானிக் அப்பிடித்தான் இருக்கணும்ன்றான் முசே."

"அவனுக்குக் கண்ணு இருக்குய்யா, காது இருக்கா? ஸ்பானரை எடும்."

பிரகாசம் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தான் இந்த இனத்துக்குத் தீனி. எஞ்சின் ஓட ஓட ஒவ்வொரு திருகாக இறுக்கினார். குடைக் காம்பு தலையாட்டியது. டக்குச் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றேவிட்டது. எஞ்சினை நிறுத்தச் சொன்னார் கலியபெருமாள். அத்தோடு விட்டாரா? "மங்களத்துக்கு எல்லாத்துக்கும் இன்னொரு கால் சுத்து" என்றார். ஆயிற்று. "ஓடவிட்டுப் பாக்கலாமா?" என்று கேட்ட பிரகாசத்தை, "கேட்டாச்சுய்யா!" என்று ஒரே அதட்டலில் அடக்கினார்.

திங்கள் காலை ஏழரை மணி. காரெல்லாம் மல்லிகைச் சரம். வெள்ளைப் பட்டில் அகஸ்டினா ஏறி உட்கார்ந்தாள். பிரகாசம் ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் சுற்றியது. சத்தமே இல்லை! கலியபெருமாள் ஆசைப்பட்டபடியே, ஒரு முனகல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. புகைகூட இல்லை. இறுக்கிய இறுக்கலில் எட்டு வால்வும் மூட வழியின்றி வாயைப் பிளந்துகொண்டிருந்தன. டீசலோ காற்று அடைபட்டு நசுங்கினால்தான் தீப்பிடிக்கும். பிளந்த வாயில் என்ன நசுங்கும்?

பிரகாசத்துக்கு வியர்த்தது. "ஐயோ, ஈஸ்டர் வரைக்கும் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு..." என்று மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டார். கலியபெருமாள் குடையை ஊன்றி, கண்ணை மூடி, வெகு நேரம் கேட்டு, "வால்வு" என்றார்.

அகஸ்டினா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். தெருமுனையில் ஒரு புஷ்புஷ் வண்டி நின்றது; பின்னாலிருந்து ஆள் தள்ள, முன்னால் உட்கார்ந்தவரே கம்பியைப் பிடித்துத் திருப்புகிற நம்மூர் வண்டி. தள்ளுகிறவன் காப்பி குடிக்கப் போயிருந்தான். அவள் பட்டை அள்ளிப் பிடித்து ஏறினாள், கம்பியைப் பற்றினாள்.

"அப்பா, தள்ளுங்க. முசே, நீங்களும்!"

"நானா?"

"நீங்கதான்!"

தள்ளினார்கள். மணப்பெண் திருப்ப, அப்பாவின் கையில் கிரீசும் எழுத்தரின் அக்குளில் குடையுமாக, தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்க, வண்டி பறந்தது. பாதி வழியில் கலியபெருமாளின் தலை தானாகச் சாய்ந்தது.

"அம்மாடி, எடது சக்கரம் கிறீச்..."

"கேக்கட்டும் முசே! உருளுதுன்னு அர்த்தம். தள்ளுங்க!"

கடைசி மணி ஓய்வதற்கும் அவள் படியேறுவதற்கும் சரியாக இருந்தது. தாலி ஏறிற்று. பிரகாசம் அழுதார், சிரித்தார், கிரீசுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை குமாரவேல் வந்து, தலையில் அடித்துக்கொண்டு, பழையபடி தகட்டை நுழைத்து இடைவெளி வைத்தான். டக், டக், டக். கேட்க என்ன சுகம்! பக்கத்தில் நின்ற கலியபெருமாள் கூட்டத்தைப் பார்த்து, "நான் அப்பவே வால்வுன்னு சொன்னேனா இல்லையா?" என்றார். சொல்லத்தான் சொன்னார், பாவம்.

அது கிடக்கட்டும். இதுவரை படித்தீர்களே, "வால்வு மட்டும் இல்லை, டீசல் பம்பையும் பார்த்திருக்கவேண்டும்" என்று நடுவில் ஒருதரம் உங்களுக்குத் தோன்றியதா? தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்ததா? சாய்ந்திருந்தால், ஐயா, என் வீட்டுப் பக்கம் வரும்போது தயவுசெய்து குடை எடுத்து வராதீர்கள். போன வாரம் நானும் ஒரு கார் வாங்கியிருக்கிறேன்.