லூர்துராணியின் அண்ணனிடம் யார் சொல்வது?

பொன்மலை,
18-2-1958

துறையூர் பாரஸ்ட் ரேஞ்சர், மேன்மை தங்கிய மச்சான் அழகர்சாமி அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் தங்கை மட்டுவார்குழலியின் கணவன் மாத்ருபூதம் அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. தாயுமானவர் கிருபையால் இவ்விடம் தங்கள் தங்கை சௌக்கியம், பசுமாடு சௌக்கியம். நான் சௌக்கியமா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபின் தாங்களே முடிவு செய்துகொள்ள வேண்டியது. அண்ணியாருக்கும் குழந்தைகளுக்கும் அங்கே காட்டுக் காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

மச்சான், நாடகம் என்றாலே தங்களுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என்னுடைய நாடி இன்னும் நிதானத்துக்கு வராததால் யாரிடமாவது சொல்லித்தான் தீர வேண்டும். பாலக்கரையில் எங்கள் நண்பர்கள் நடத்தும் நாடக மன்றத்துக்கு நான் செக்ரட்டரி. ஆசைப்பட்டு ஆனதில்லை. மேடை ஏறினால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். அப்படியானால் மேடை ஏற வேண்டாத வேலையைப் பாருங்கள் என்று அங்கேயே கைதட்டி என்னைச் செக்ரட்டரியாக்கிவிட்டார்கள். நாடகத்தன்று பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, நடிகர்கள் மறந்துபோன வசனத்தை எடுத்துக்கொடுப்பதும் என் பொறுப்பு. யார் கண்ணிலும் படாத உத்தியோகம் என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த வருஷம் வந்த வினையைக் கேளுங்கள். எங்கள் மன்றத்தில் எப்போதும் கதாநாயகியாக வருகிறவர் உறையூர்த் தறிக்காரர் வெள்ளைச்சாமி. அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, பெண்வீட்டார் மாப்பிள்ளை மீசையோடு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மீசை வைத்த மனைவியைப் புருஷன் வீட்டைவிட்டுத் துரத்தினால் ஜனங்கள் புருஷன் பக்கம்தான் நிற்பார்கள் என்று, நாடகத்தைப் பயிற்றுவிக்கிற ஸ்ரீரங்கம் ரெங்கநாதன் சொன்னார். நிஜப் பெண்ணையே நடிக்க வைப்போம் என்று தீர்மானமாயிற்று. பெண்ணும் கிடைத்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் லூர்துராணி. அந்தப் பெண் வாயைத் திறந்தால் கடைசி வரிசையில் சுண்டல் தின்கிறவன்கூடத் தின்பதை நிறுத்துவான், அப்படி ஒரு கணீர்க் குரல். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "எங்க அண்ணன்கிட்ட நீங்கதான் சார் சொல்லணும். நான் சொன்னா வேண்டாம்னுடுவாரு. செக்ரட்டரி சொன்னா ஒரு மரியாதை இருக்கு."

அண்ணன் யாரென்று விசாரித்தேன், மச்சான். நான் வேலை பார்க்கும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலேயே பாய்லர் ஷாப்பில் சம்மட்டி பிடிக்கும் சவரிமுத்து. அவர் வரும்போது மற்றவர்கள் ஒதுங்கி வழி விட மாட்டார்கள். வழி தானாகவே ஏற்பட்டுவிடும். அவர் கையைப் பார்த்ததும் எனக்கு என் கழுத்து ஞாபகம் வந்தது. தாய் தகப்பன் போனபின் தங்கையை வளர்த்து ஆளாக்கியவர், அவளை ஒருத்தன் முறைத்துப் பார்த்தான் என்பதற்காக அவனுடைய சைக்கிளைத் தூக்கிக் காவேரியில் போட்டவர் என்றும் கேள்விப்பட்டேன். அன்றே சொல்லிவிடுவது என்று பெருமாளையும் தாயுமானவரையும் சேர்த்து வேண்டிக்கொண்டு சாப்பாட்டு வேளையில் அவரிடம் போனேன். "என்னங்க?" என்றார். "மணி என்னங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். என் கையில் கைக்கடிகாரம் இருந்தது, அதை அவர் பார்த்தார். அடுத்த வாரம் மறுபடி போனேன். அன்று மழை. "ஏறுங்க, வீட்டுல விட்டுடறேன்" என்று தன் சைக்கிளின் பின்னால் என்னை உட்கார வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் மிதித்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வந்த எனக்கு வழியெல்லாம் ஒரு வார்த்தை எழும்பவில்லை. நாடகத்துக்கு முந்தின நாள் இனித் தப்ப வழியில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு போனேன். "நம்ம மன்றத்துல நாளைக்கு ஒரு நாடகங்க. அதுல வந்து... நீங்க வந்து..." என்றேன். "வர்றேங்க, கூப்பிடறதுக்கு இவ்வளவு கூச்சப்படணுமா?" என்று என் சட்டைப் பையிலிருந்த டிக்கெட்டை அவரே எடுத்துக்கொண்டார். முதல் வரிசை டிக்கெட் மச்சான்!

லூர்துராணி கேட்டாள், "அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்று. "நாடகத்துக்கு வர்றேன்னு சொல்லிட்டாரும்மா" என்றேன். பொய் இல்லை. அந்தப் பெண் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்கள் தங்கை ரசம் சரியில்லையா என்று கேட்டாள்.

ஸ்ரீரங்கத்தில் கொட்டகை போட்டு நாடகம். சாயங்காலமே ஜனம் நிரம்பிவிட்டது. திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். முதல் வரிசை நடுவில், வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, சவரிமுத்து. ரெங்கநாதனிடம் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். அவர் நாமத்தைத் தொட்டுக்கொண்டு, "ஸ்வாமி, பயப்படாதேயும். எல்லாம் ரெங்கன் பார்த்துப்பான்" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடி எடுத்துக் கொட்டகையின் பின்வாசல் பக்கம் போட்டு வைத்துக்கொண்டார். புருஷனாக நடிப்பவர் பாலக்கரையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காஜா மைதீன். எறும்பை மிதித்தால்கூட மன்னிப்புக் கேட்கிறவர். இரண்டாவது காட்சியில் அவர் குடித்துவிட்டு வந்து மனைவியை அறைந்து வெளியே தள்ள வேண்டும். விஷயத்தை அவரிடமும் சொன்னேன். "யா அல்லா! சைக்கிளை ஆத்துல போட்டாரே, அந்த மனுஷனா? அவர் தங்கச்சியை அவர் கண்ணு முன்னாடி நான் எப்படிங்க அறைவேன்?" என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

லூர்துராணி மேடைக்கு வந்தாள். சவரிமுத்து முதலில் முன்னால் சாய்ந்தார். பிறகு நிமிர்ந்தார். அவர் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தைரியமில்லை. காஜா மைதீன் தள்ளாடிக்கொண்டே வந்தார். அது நடிப்பில்லை. கையை ஓங்கினார், ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. இறக்கவும் முடியாமல், அறையவும் முடியாமல், கடைசியில் தன் கன்னத்திலேயே ஒரு அறை விட்டுக்கொண்டார். கொட்டகை சிரித்தது. சவரிமுத்து மட்டும் எழுந்து நின்றார். பின்னாலிருந்து "உக்காருய்யா, மறைக்குது!" என்று யாரோ கத்தினார்கள். அவர் மேடைப் பக்கமாக ஒரு எட்டு வைத்தார். லூர்துராணிக்கு வசனம் மறந்துவிட்டது. நான் எடுத்துக்கொடுக்க வேண்டும். எடுத்துக்கொடுக்க எனக்கு நாக்கு இல்லை, மச்சான். பக்கத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் ஒருவன் தைரியமாக ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பெண் அத்தனை பேர் முன்னால் அப்படி நிற்க வேண்டி வந்திருக்காதே என்று நினைத்தபோது, அடி விழுமே என்ற பயத்தைவிட அது பெரிய பயமாக இருந்தது.

அவள்தான் பேசினாள். "அண்ணே, உக்காருங்கண்ணே. எனக்கு ஒண்ணும் ஆகலை. இது முடியட்டும். பிடிக்கலைன்னா வீட்டுல வந்து சொல்லுங்க, கேட்டுக்கறேன்." குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. சவரிமுத்து முன்னால் வைத்த எட்டைப் பின்னால் எடுத்தார். பிறகு உட்கார்ந்தார். இதுவும் நாடகம்தான் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டித் தீர்த்துவிட்டார்கள். அதன்பிறகு அவள் புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று அழுதபோது, ரெங்கநாதனே செருப்பை மறந்து உள்ளே வந்து நின்று அழுதார்.

நாடகம் முடிந்ததும் சவரிமுத்து மேடைக்குப் பின்னால் வந்தார். நான் சுருட்டி நிறுத்தியிருந்த அரண்மனைத் திரைக்குள் புகுந்துகொண்டேன். கால் வெளியே தெரிந்தது எனக்குத் தெரியாது. "செக்ரட்டரி சார், வெளியில வாங்க" என்றார். வந்தேன். "எத்தனை தடவை என்கிட்ட வந்தீங்க. ஏங்க சொல்லல?" என்று கேட்டார். "பயங்க" என்றேன்.

அவர் அங்கேயிருந்த மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார். பெட்டி முனகியது. "எனக்கும்தாங்க பயம்" என்றார். "மாசக்கணக்கா இந்தப் புள்ள வீட்டுக் கொல்லையில நின்னுக்கிட்டு, 'தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க, தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க'ன்னு அழுவுதுங்க. எவனோ ஏமாத்திட்டான், கிணத்துல விழுந்துடுமோன்னு நான் வேலைக்குப் போனாக்கூட மனசு நிலைக்காது. கேக்கவும் பயம். கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா? இன்னிக்கு அதே வார்த்தையை அங்க சொன்னப்பதாங்க எனக்கு மூச்சே வந்துச்சு." சம்மட்டி பிடிக்கிற அந்தக் கையால் முகத்தை மூடிக்கொண்டார் மச்சான்.

லூர்துராணி முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். அவர் அவளைத் திட்டவில்லை. "அழுவுறப்ப முந்தானையை ஏன் கடிச்சே?" என்று மட்டும் கேட்டார். "தெரியலைண்ணே. தானா வந்துச்சு." "அம்மா அப்படித்தான் கடிக்கும். உனக்கு ஞாபகம் இருக்காதுன்னு நினைச்சேன்" என்றார். பிறகு இரண்டு பேரும் காவேரிப் பாலத்தின்மேல் நடந்தே பாலக்கரைக்குப் போனார்கள். நானும் அந்த வழிதான். இருந்தாலும் நன்றாகப் பின்தங்கியே நடந்தேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று தாங்கள் சொல்லலாம். என் உடம்பு ஒப்புக்கொள்ளவில்லையே! இன்னமும் கதவு தட்டினால் தூக்கிவாரிப் போடுகிறது. ஆகையால் நாடக மன்றத்துக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி இந்த ஜன்மத்தில் நாடகத்தின் பக்கம் நானோ, என் நிழலோ, என் குடும்பத்தாரோ தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்று தங்களுக்கு உறுதி கூறுகிறேன். அண்ணியாருக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு நீண்ட ஆயுளும் நல்ல படிப்பும், முக்கியமாக நெஞ்சுத் தைரியமும் உண்டாக ஆசீர்வாதம்.

தங்கள் அன்பையும் பொறுமையையும் வேண்டி நிற்கும்,
மாத்ருபூதம்

பின்குறிப்பு: ராஜினாமா என்று மேலே எழுதியதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை, ரெங்கநாதன் அதை வாங்கிக்கொள்ளவில்லை. சித்திரையில் அடுத்த நாடகம். அதில் மாமியார் வேஷத்துக்கு இன்னொரு பெண் வேண்டும் என்று லூர்துராணி நம் வீட்டுக்கு வந்து கேட்டாள். கேட்ட வாய் மூடுவதற்குள் ஒப்புக்கொண்டது தங்கள் தங்கை. என்னை மருமகளாக நிற்க வைத்துத் திட்டிப் பழகுகிறாள். மிகவும் இயல்பாக வருகிறது. "எங்க அண்ணனுக்கு நீங்கதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டாள். இதை எழுதத்தான் மச்சான் பேனாவை எடுத்தேன். இவ்வளவு பக்கம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன்.